ஒரு காது எனக்கு

என் இரண்டு காதுகளில் ஒன்றுதான் எனக்குச் சொந்தம். இடது காதில் இயர்போன் இருக்கும். வலது காது வீட்டுக்கு. குக்கர் விசில், மாமியாரின் இருமல், காலிங் பெல், தண்ணீர் லாரியின் ஹாரன் எல்லாம் அந்தப் பக்கமாக வரும். இப்படித்தான் ஏழு வருடங்களாக நான் டிராகன்களோடும் வாள்களோடும் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

நாற்பத்தாறு வயதில், கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒருத்திக்கு இந்த வீரசாகச மாயக் கதைகள் எதற்கு என்று என் மகளே கேட்டிருக்கிறாள். புத்தகமாக இவற்றை வாசிக்க எனக்கு வாய்த்ததில்லை. புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் ‘சும்மாதானே இருக்கே’ என்று ஏதாவது ஒரு வேலை தேடி வந்துவிடும். ஒலிப்புத்தகம் யார் கண்ணிலும் படாது. கை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும், காது மலை ஏறிக்கொண்டிருக்கும்.

நான் முதலில் கேட்டது ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’. 1990இல் தொடங்கிய தொடர். 2007இல் ஜோர்டன் இறந்துவிட, மீதியை பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். 14ஆம் பாகத்தோடு 2013இல் நிறைவடைந்தது. முதல் பாகம் மட்டுமே ஒலியில் ஏறக்குறைய 30 மணி நேரம். எனக்கு அது ஒரு மாதச் சமையல்.

அதை வாசித்தவர்கள் மைக்கேல் கிராமர், கேட் ரீடிங் என்ற கணவன் மனைவி. ஆண் பாத்திரத்தின் பார்வையில் நகரும் அத்தியாயங்களைக் கணவர் வாசிப்பார், பெண்ணின் பார்வையில் நகர்வதை மனைவி வாசிப்பார். இந்த ஏற்பாடு எனக்கு முன்பே தெரியாது. இருபது அத்தியாயங்களுக்கு ஒரே ஆண் குரல். கதை என்றாலே இப்படித்தான் என்று பழகிப்போயிருந்தேன். 21ஆம் அத்தியாயம் வந்தபோது மாவாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு பெண் குரல். ஃபோனில் எதையோ தவறாக அழுத்திவிட்டேனோ என்று கிரைண்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கதை அதேதான். நைனீவின் அத்தியாயம்.

நைனீவ் அந்தக் கிராமத்தின் வைத்தியச்சி. காற்றின் ஓசையைக் கேட்டு மழை வருமா, பனி வருமா என்று சொல்பவள். வயதில் சின்னவள் என்பதால் ஊர்ச் சபைக்காரர்கள் அவளை அவ்வளவாக மதிப்பதில்லை. ஊரைவிட்டுப் போன பிள்ளைகளைத் தேடி அவள் தனியாகவே கிளம்பி வந்திருக்கிறாள். அதுவரை அவளை நான் அந்தப் பையன்களின் காது வழியாகத்தான் கேட்டிருந்தேன். எப்போதும் திட்டுகிறவள், ஜடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோபப்படுகிறவள். கிராமர் மோசமான வாசிப்பாளர் இல்லை. பையன்களுக்கு அவள் எப்படிக் கேட்டாளோ அப்படியே வாசித்தார். கேட் ரீடிங் வாசித்தபோதுதான் அந்தக் கோபத்துக்குள் எவ்வளவு பயம் இருக்கிறது என்று தெரிந்தது. தன் பொறுப்பில் இருந்தவர்களைத் தொலைத்துவிடுவோமோ என்ற பயம்.

எங்கள் வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லப்படுவது ஒரே வாக்கியம்தான்: ‘அம்மா கத்துறா.’ மகள் டியூஷன் முடிந்து வர இருபது நிமிடம் தாமதமானால் நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து தேய்வது அந்த வாக்கியத்தில் இல்லை. அன்று கிரைண்டர் பக்கத்தில் நின்றபடி நினைத்தேன், என் அத்தியாயத்தை இதுவரை யார் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்று.

அதற்குப் பிறகு வாசிப்பவர்களைக் கவனிக்கத் தொடங்கினேன். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலை ராய் டோட்ரிஸ் ஒருவரே வாசித்திருக்கிறார். 224 பாத்திரங்களுக்குத் தனித்தனிக் குரல் கொடுத்ததற்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவர். அப்போது அவருக்கு ஏறக்குறைய 80 வயது. முதிய கதைசொல்லியான ஓல்டு நான் அவர் குரலில் பேசும்போது போர்வைக்குள் சுருண்டுகொள்ளத் தோன்றும். ஆனால் டெனேரிஸ் தொடக்கத்தில் 13 வயதுப் பெண். ஒரு படைக்காக அண்ணன் அவளை ஒரு குதிரைவீரர் தலைவனுக்குக் கட்டிக்கொடுக்கிறான். அந்தக் கல்யாணத்தின் பயத்தை ஒரு முதியவரின் குரலில் கேட்க என்னால் முடியவில்லை. பாதியில் நிறுத்தி, மறுநாள் அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போனேன். ஆண்கள் பெண்ணுக்காக வாசிக்கக் கூடாது என்று சொல்லவரவில்லை. 224 குரல்களில் ஒன்றாக அவளை எண்ணிவிட முடியாது என்றுதான் எனக்குப் பட்டது.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் இன்னொரு சிக்கல். போருக்கு வரக் கூடாது என்று தடுக்கப்பட்ட ஏயோவின் ஆண் வேடமிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு படையோடு போய்விடுகிறாள். காகிதத்தில் அவள் ஒளிந்துகொள்ளலாம். ஒலியில்? வாசிப்பவர் அவளுக்குப் பெண் குரல் கொடுத்தால் ரகசியம் உடைந்துபோகும். முழு ஆண் குரல் கொடுத்தால் அவள் தான் பெண் என்று சொல்லும் இடத்தில் வேறு யாரோ பேசுவதுபோல் ஆகிவிடும். பெண்கள் எத்தனை இடங்களில் குரலை மாற்றிக்கொண்டு பிழைக்கிறோம் என்பதை அந்த ஒரு காட்சியை எப்படி வாசிப்பது என்று யோசித்ததில் தெரிந்துகொண்டேன். அலுவலகத்தில் ஃபோன் எடுக்கும்போது எனக்கு ஒரு குரல், மேனேஜரிடம் இன்னொன்று.

இவ்வளவு நுணுக்கம் பேசுகிறவள் தானே வாசிக்கும்போது என்ன செய்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருத்திக்குப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து அனுப்பத் தொடங்கினேன். இரவு பத்து மணிக்கு மேல், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, சத்தம் பதிவாகும் என்று ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்க வாசிப்பேன். பக்க எண்ணையும் சொல்ல வேண்டும், அடிக்குறிப்பையும் விடக் கூடாது. நாட்டுப்புற இலக்கியத் தாளில் அல்லி அரசாணி கதை வந்தது. மதுரையை ஆண்ட அல்லி. ஆண்களை அண்டவிடாதவள். அர்ச்சுனன் பாம்பாக உருமாறி அவள் படுக்கையறைக்குள் புகுந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். நான் ரசித்து வாசித்தேன். அனுப்பிய மறுநாள் அந்தப் பெண் ஃபோன் செய்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அர்ச்சுனன் பேசுறப்போ நிதானமா, அழகா வாசிக்கிறீங்க. அல்லி வந்தா மட்டும் ஏன் கீச்சுனு ஆயிடுது?”

பதில் சொல்ல முடியவில்லை. போட்டுக் கேட்டேன். அவள் சொன்னது சரி. தூக்கத்தில் தாலி கட்டியவனுக்கு நான் ராஜ கம்பீரம் கொடுத்திருந்தேன். நாட்டை ஆண்டவள் குழாயடியில் சண்டை போடுகிறவள்போல் கேட்டாள். எந்த ஆணும் என்னை அப்படி வாசிக்கச் சொல்லவில்லை. என் தொண்டை தானாகவே அந்த வழியில் போயிருக்கிறது.

அன்று இரவு மறுபடியும் பதிவுசெய்தேன். அல்லிக்கென்று தனிக்குரல் எதுவும் தேடவில்லை. என் குரலிலேயே, அவசரப்படாமல் வாசித்தேன். கோபம் வந்த இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. பாம்பு அறைக்குள் நுழையும் இடத்தில் தாளைத் திருப்ப நிறுத்தினேன். சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதல்முறையாக இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். கழற்றியபோதுதான் அடுத்த அறையிலிருந்து மாமியார் கூப்பிட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. மாத்திரையோ தண்ணீரோ என்று பதறி ஓடினேன்.

அவர் இருட்டில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, பாதியில நிறுத்திட்ட? கண்ணு முழிச்சதும் அவ என்ன சொன்னா?”

போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். ஃபேனை நிறுத்தாமலே வாசித்தேன்.