சுருட்டை முடிக்கு எத்தனை டிகிரி?

செப்டம்பர் 22, 2025, திங்கள்

இன்று முதல் தலை எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. அண்ணன் மகள் கேட்கிற சாமானுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஹேர் ஸ்ட்ரெயிட்னர் 18-லேயே நிற்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து வந்து சென்னை சேலையூரில் என்னோடு தங்கியிருக்கிறாள். நவம்பரில் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் தொழில் வளாகத்தில் வேலைக்குச் சேர வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வாய்த்த அதே முடிதான் அவளுக்கும்: நல்ல அடர்த்தி, கன்னங்கரேல் என்ற கறுப்பு, வேரிலிருந்தே சுருள். இங்கத்துப் போர் தண்ணீரில் தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து அது சிலுப்பிக்கொண்டு நிற்கிறது. உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து முடிமேல் படிகின்றன. சுருள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாகப் பிரிந்து பறக்கிறது. கல்லூரியில் இன்டர்வியூ பயிற்சி கொடுத்தவர் ‘தலையைக் கொஞ்சம் நீட்டா வெச்சுக்கோ’ என்று சொன்னாராம். அந்தப் பேச்சு அவள் மனசில் தைத்துவிட்டது.

“வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க அத்தை. தினமும் பண்ண மாட்டேன். ஆயிரத்து ஐந்நூறு, மிஞ்சிப்போனா ரெண்டாயிரம். அதுக்குள்ள ஒண்ணு பாத்துக் குடுங்க.”

வேண்டாம் என்று சொல்ல நான் யார்? முடி அவளுடையது. அதைக் கருக்காத ஒன்றைத் தேடிக் கொடுப்பது மட்டும் என் வேலை.

செப்டம்பர் 26, வெள்ளி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். எனக்குப் பிடித்த இடம். செடி, புறா, பழைய மிக்ஸி, மர நாற்காலி, சைக்கிள் உதிரிப்பாகம் என்று கால் வைக்க இடமில்லாமல் பரப்பியிருப்பார்கள். சார்ஜர்களும் ஹெட்போன்களும் குவிந்திருந்த ஒரு விரிப்பில் ஸ்ட்ரெயிட்னர்களும் கிடந்தன. இருநூறு, இருநூற்றைம்பது. அவள் ரோஸ் நிறத்தில் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டாள்.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். எத்தனை வாட், எத்தனை டிகிரி, யார் தயாரித்தது, எதுவுமே அதில் இல்லை. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி. எல்லாம் அட்டைப் பெட்டியிலேயே இருக்க வேண்டும். இங்கே பெட்டியே இல்லை. இரண்டு முள் பிளக் உள்ள கருவியில் எர்த் கிடையாது; அதற்கு ஈடாக உள்ளே இரட்டை இன்சுலேஷன் இருந்தாக வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு சின்னக் குறி அதற்கு அடையாளம். அதுவும் இல்லை. 230 வோல்ட்டில் ஓடுகிற ஒன்றைக் காதுக்குப் பக்கத்தில் பிடிக்கப் போகிறாள். வயரைக் கைப்பிடிக்குக் கிட்டே மடக்கினால் உள்ளே கம்பி நழுவுவது கைக்குத் தெரிந்தது.

இரண்டு பட்டைகளையும் மூடி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். நுனியில் ஒட்டியிருந்தது, நடுவில் கீற்றாக வெளிச்சம் வந்தது. இப்படி இருந்தால் நடுவில் போகிற முடிக்குச் சூடு ஏறாது. நேராகவில்லையே என்று அதே இடத்தில் மறுபடி மறுபடி இழுப்பாள். நுனியில் மாட்டிய முடி அத்தனை முறையும் வேகும். எந்தக் கடையிலும் காசில்லாமல் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

ஒரு மல்லிகைச் செடி வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

புருவம் திருத்த கேம்ப் ரோடு பக்கம் ஒரு பார்லருக்குப் போனாள். நானும் கூட. நாங்கள் தேடுவது என்ன என்று கேட்டதும் அங்கிருந்த பெண், “அதை வாங்கி வாராவாரம் எதுக்குக்கா மெனக்கெடணும்? கெராட்டின் போட்டுக்கட்டும். ஆறு மாசத்துக்குக் கவலையில்லை” என்றாள். ஆறாயிரத்தில் ஆரம்பம். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். கெராட்டின் போடும்போது கிளம்பும் புகையைத்தான் அவளும் நாள் முழுக்கச் சுவாசிக்கிறாள்.

இரவு படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். அவளிடம் காட்ட வேண்டும்.

முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பவை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள். ஒன்று கந்தகப் பிணைப்பு, கெட்டியானது. பார்லரில் செய்யும் ரீபாண்டிங்கில் ரசாயனம் அதை உடைத்து, நேராகப் படிய வைத்து, மறுபடி பூட்டுகிறது. அதன்பின் புதிதாக முளைக்கிற முடிதான் சுருளும். மற்றது ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீரில் அவிழும், காய்ந்தால் சேரும். ஸ்ட்ரெயிட்னர் இதைத்தான் தொடுகிறது. தலைக்குக் குளித்தால் சுருள் திரும்பிவிடும். நான் பார்லர் சிகிச்சையை விட்டுக் கருவியின் பக்கம் நிற்பதற்கு இதுவே முதல் காரணம்: பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆகிவிடலாம்.

இரண்டாவது காரணம் உடம்பு. அமெரிக்காவில் ‘சிஸ்டர் ஸ்டடி’ என்ற ஆய்வில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2022 அக்டோபரில் முடிவு வந்தது. முடி நேராக்கும் ரசாயனங்களைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி போட்டுக்கொண்டவர்களில் 4.05. ரசாயனம்தான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை, தொடர்பைக் காட்டுகிறது. எனக்கு அதுவே போதும். 2024-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதிய இன்னொரு செய்தி: 26 வயதுப் பெண் ஒருத்தி மூன்று முறை பார்லரில் முடியை நேராக்கிக்கொண்டாள், மூன்று முறையும் சிறுநீரகம் பாதித்தது. அந்தக் கிரீமில் இருந்தது கிளையாக்சிலிக் அமிலம். ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று எழுதி விற்கும் பல கிரீம்களில் அதற்குப் பதிலாகச் சேர்ப்பது இதைத்தான்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. சுண்டலோடு உட்கார்ந்து சூட்டைப் பற்றிப் படித்தோம்.

சுருட்டை முடியைப் பற்றி உலகத்தில் அதிகம் யோசித்தவர்கள் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள். நெருப்பில் காய்ச்சிய உலோகச் சீப்பால் முடியை இழுத்த தலைமுறைகள் அங்கே உண்டு. முடிப் பராமரிப்புப் பொருள்களை விற்றே பெரும் தொழிலதிபரான மேடம் சி.ஜே. வாக்கர் (1867–1919) அந்தச் சீப்பைப் பரவலாக்கியவர்களில் ஒருவர். பள்ளியிலும் வேலையிடத்திலும் இயல்பான முடிக்காக ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று கலிஃபோர்னியா 2019-இல் சட்டமே போட்டது. இதைச் சொன்னதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நீட்டா வெச்சுக்கோன்னு சொன்னா அங்க கேஸ் போடலாமா அத்தை?” சொன்னதற்காகப் போட முடியாது, முடிக்காக வேலை மறுத்தால் போடலாம் என்றேன்.

அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் அந்தப் பெண்களுக்குச் சொல்லும் அறிவுரை நமக்கும் பொருந்தும்: செராமிக் பட்டை, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். சுருள் முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் வளைவுகளில் இறங்கி நுனிவரை போவதில்லை. ஏற்கெனவே காய்ந்திருக்கும் நுனிக்குத்தான் முதல் சேதம்.

உலர்ந்த முடியில் உள்ள கெராட்டின் என்ற புரதம் 220 டிகிரியைத் தாண்டும்போது உருகிச் சிதையத் தொடங்கும். ஈரமான முடிக்கு அந்த எல்லை 150-ஐ ஒட்டியே வந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி முடிக்குள்ளேயே குமிழி விடும். அந்த இடத்தில் பிறகு ஒடியும். குறைந்த விலைக் கருவிகளில் பல 210 டிகிரி என்ற ஒரே சூட்டோடு வருகின்றன. முழுக்கக் காயாத முடிக்கு அது எவ்வளவு அதிகம் என்று இப்போது தெரிகிறது.

அக்டோபர் 4, சனி

தாம்பரம் சண்முகம் சாலையில் தீபாவளிக் கூட்டம். அங்கே தொடங்கிக் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடைகள்வரை பார்த்தோம். பிலிப்ஸ், ஹேவல்ஸ், வேகா என்று ஷெல்ஃப் நிறைய இருக்கிறது. விற்பனைப் பையன்கள் பெட்டியில் இருப்பதையே வாசிக்கிறார்கள்: செராமிக், டூர்மலைன், டைட்டானியம், கெராட்டின் கோட்டிங்.

என் முடிவு இது. செராமிக் பூச்சு போதும். சூட்டைப் பரவலாகக் கொடுக்கும், முடி வழுக்கிப் போகும். டைட்டானியம் சீக்கிரம் சூடேறி முடிக்குள் வேகமாக இறக்கும். பார்லரில் நாள் முழுக்க வேலை செய்கிற கைக்கு அது சரி, புதுக் கைக்கு ஆபத்து. கெராட்டின் கோட்டிங், ஆர்கன் ஆயில் கோட்டிங் இவற்றுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க மாட்டேன். பட்டையில் பூசிய எண்ணெய் எத்தனை நாளைக்கு வரும்?

காசு போக வேண்டிய இடம் வெப்பக் கட்டுப்பாடு. ஒரே சூட்டு மாடலுக்கும் 150-இலிருந்து படிப்படியாக ஏறும் மாடலுக்கும் வித்தியாசம் ஐந்நூறு ரூபாய்க்குள். சில பெட்டிகளில் ‘லோ, ஹை’ என்று மட்டும் போட்டிருந்தது. டிகிரி எண் இல்லாததை ஒதுக்கினோம். அவள் முடி இடுப்புவரை, கனத்த முடி. அதனால் ஒரு அங்குலப் பட்டையைவிட அகலமானது வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் கை கடுக்கும். பட்டைக்கு அடியில் ஸ்பிரிங் இருந்து, விரலால் அழுத்தினால் அமுங்கிக் கொடுக்க வேண்டும். ஓரம் மழுங்கலாக இருக்க வேண்டும். வயர் அடியில் சுழல வேண்டும்; முறுக்கிக்கொள்கிற வயர்தான் முதலில் போகும். மறந்து வைத்துவிட்டால் தானாக அணைவது இருந்தால் நல்லது. இத்தனையும் 1,800 ரூபாய்க்குள் கிடைத்தது, இரண்டு வருட வாரண்டியோடு. பில்லில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம்.

வெப்பம் தாங்க ஒரு சிலிக்கான் சீரம் தனியாக 250. இதையும் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

நேற்று இரவே தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டேன். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரதம் கரைவதைக் குறைக்கிறது என்று மரிக்கோ நிறுவன ஆய்வாளர்கள் 2003-இல் எழுதியிருக்கிறார்கள். நம் பாட்டிகள் செய்ததுதான். ஆனால் எண்ணெய்த் தலையோடு ஸ்ட்ரெயிட்னர் வைக்கவே கூடாது. செக்கு எண்ணெய் 175 டிகிரி வாக்கிலேயே புகையும். இரவு எண்ணெய், காலையில் ஷாம்பு, கடைசி இரண்டு சொம்பு மட்டும் கேன் தண்ணீர். உப்பு படியாமல் இருக்க இந்தப் பகுதியில் பல வீடுகளில் செய்கிற வழி.

மத்தியானம்வரை ஃபேனுக்கு அடியில் காய வைத்தாள். பொறுமை இல்லாமல் ஆரம்பித்த முதல் கற்றையில் சுர்ரென்று சத்தம் கேட்டது. நிறுத்தச் சொன்னேன். அந்தச் சத்தம் கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம்.

பிறகு தலையை நான்காகப் பிரித்து கிளிப் போட்டு, இரண்டு விரல் அகலக் கற்றையாக எடுத்தோம். சீப்பு முன்னால், கருவி அதன் பின்னாலேயே. வேரிலிருந்து இரண்டு விரல் விட்டுத் தொடங்கி, எங்கேயும் நிற்காமல் ஒரே இழுப்பு. 150-இல் ஒன்றும் ஆகவில்லை. 170-இல் பாதி நிமிர்ந்தது. 180-இல் ஒரே இழுப்பில் படிந்தது. பெட்டி 230 வரை போகும் என்கிறது. 180-க்கு மேல் ஒரு டிகிரி தேவைப்படவில்லை. திருகில் 180-க்கு நேராக நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தாள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. 40 வாட் கருவி, 0.03 யூனிட். கரண்ட் பில்லைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. நேற்று சாயங்காலம் நேராக்கிய முடியோடு இன்று மாம்பலம் போய் வந்தாள், தீபாவளித் துணிக்கு. மின்சார ரயில் கூட்டம், வியர்வை, ஈரக்காற்று. வீடு திரும்பும்போது காதோரமும் பிடரியும் சுருண்டுவிட்டன. முடி தன் எடையில் 30 சதவீதம்வரை ஈரத்தை உறிஞ்ச வல்லது; ஐப்பசிச் சென்னையில் அவிழ்த்த ஹைட்ரஜன் பிணைப்பு பழைய இடத்துக்கே ஓடிப் போகும். எந்த விலைக் கருவியும் இதை மாற்றாது. இன்னும் சூடு வைத்தால் நிற்குமா என்று கேட்டாள். நிற்காது. முடிதான் போகும்.

ஆற்று நீர் ஓடி வடிந்த கருமணலில் வரிவரியாகப் படியும் அறலைப் பெண்ணின் கூந்தலுக்கு உவமையாகச் சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அறல் அலை அலையாகத்தான் இருக்கும். அவர்கள் கண்ணுக்கு அழகாகப் பட்டது நெளியும் முடி. அவளிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். ஆனால் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

மாடி வீட்டு அக்கா அதே மாடலை வாங்கட்டுமா என்று கேட்க வந்தார். அவருக்கு மெல்லிசு முடி, மாதாமாதம் டை அடிக்கிறவர். உங்களுக்கு அகலப் பட்டை வேண்டாம், ஒரு அங்குலம் போதும், 150-ஐத் தாண்டாதீர்கள், டை அடித்த வாரத்தில் தொடவே தொடாதீர்கள் என்றேன். பெட்டியில் டிகிரி எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, பட்டைகளை மூடி வெளிச்சத்தில் பிடிக்கும் விதத்தையும் காட்டினேன்.

நவம்பர் 3, திங்கட்கிழமை இவள் வேலையில் சேர்கிறாள். முதல் நாள் எப்படிப் போவாய் என்று அக்கா கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மழை இல்லாவிட்டால் யோசிப்பாளாம். மழை என்றால் கேன் தண்ணீரில் அலசி, சுருளை அப்படியே விட்டு, ஒரு கிளிப்.