மாமாவின் செலிக்காவும் ஒரு சாண் ஹோஸும்

ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கும் கார் திருத்துறதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்பீர்கள். போன மாசம் வரைக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எங்களில் ஒருவனின் மாமாவிடம் 1994ஆம் ஆண்டு டொயோட்டா செலிக்கா ஒன்று நிற்கிறது. இரண்டு கதவு, பதிஞ்ச உடம்பு, வெயிலில் வெளிறின சிவப்பு. எங்களைவிட வயது கூடின கார். அவர் எங்கள் மூன்று பேருக்குமே மாமாதான்.

திடீரென்று அந்தக் கார் முனகத் தொடங்கியது. ஸ்டியரிங்கை வெட்டினால் 'ஊ...ம்' எண்டு ஒரு சத்தம். திருநெல்வேலிச் சந்தியில் திரும்பினால் சந்தைக்கு வந்த சனம் எங்களைத்தான் பார்க்கும். முதலில் சிரித்தோம், வீடியோவும் எடுத்தோம்.

கராஜில் சத்தத்தைக் கேட்ட உடனேயே, "பவர் ஸ்டியரிங் பம்ப் போட்டுது, மாத்தத்தான் வேணும்" என்றார்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தைக்கு போன் எடுத்தோம். "2020இல வாகன இறக்குமதி நிண்டதுக்குப் பிறகு உந்தச் சாமான் கிடைக்கிறதே கஷ்டம்" என்று சொல்லி ஒரு விலை சொன்னார்கள். அது மாமாவின் இரண்டு மாதச் சம்பளம். "அப்ப பெல்ட்டைக் கழட்டிப்போட்டு ஓடுங்கோ, சத்தம் வராது" என்று கராஜ்காரர் ஒரு வழி சொன்னார்.

பெல்ட் இல்லாவிட்டால் பம்ப் சுத்தாது, ஸ்டியரிங் கல்லாகிவிடும். மாமாவின் வலது தோள் ஒரு அளவுக்கு மேல் உயராது. ஏன் எண்டு அவர் சொல்லுறதில்லை, நாங்கள் கேட்கிறதுமில்லை. "பரவாயில்லையடா, கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைப்பம்" என்றார். 'கொஞ்ச நாளைக்கு' நிப்பாட்டின கார்களுக்குள் கோழி அடைகாக்கிறதை எங்கட ஊர் வளவுகளில் பார்த்திருக்கிறோம். அதனால்தான் பக்கத்து வளவு ஐயாவிடம் போனோம். அவர் முந்தி பஸ் டிப்போவில் மெக்கானிக்.

ஐயா கேட்ட முதல் கேள்வி: "கீச்செண்டு கத்துதோ, ஊவெண்டு அழுதோ?"

கீச்செண்டால் பெரும்பாலும் பெல்ட். ஓடுற பெல்ட்டில் கொஞ்சம் தண்ணி தெளித்தால் அந்தச் சத்தம் மாறும். எங்கட சத்தம் மாறவில்லை. பிறகு எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறக்கச் சொன்னார். இந்தக் காருக்கு ஊத்துறது டெக்ஸ்ரன் வகை ஓட்டோ கியர் எண்ணெய் (ATF), தெளிஞ்ச சிவப்பாய் இருக்க வேணும். உள்ளே ரோஸ் நிறத்தில் நுரை. பால் தேத்தண்ணியை ஆத்தின மாதிரி.

"காத்துப் போகுது," என்றார் ஐயா.

எங்கே? கீழே ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒழுகவில்லையே. அதுதான் சூட்சுமம். தாங்கியிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸில் எண்ணெய் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அதில் வெடிப்பிருந்தால் எண்ணெய் வெளியே வராமலே காத்து உள்ளே போகும். அந்தக் காத்துத்தான் பம்புக்குள் நின்று முனகுகிறது. அப்படியே ஓடினால் பம்ப் உண்மையாகவே போயிருக்கும். அதுக்கு மசகும் அந்த எண்ணெய்தான்.

ஹோஸைக் கழட்டினோம். முப்பது வருச இஞ்சின் சூட்டில் இறுகி, கிளிப் இறுக்குகிற இடத்தில் மயிரளவு வெடிப்பு. ஒரு சாண் நீளம்தான். யாழ்ப்பாணத்திலேயே எண்ணெய்க்குத் தாங்குகிற புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் கிடைத்தன. எண்ணெய் இரண்டு போத்தல். எல்லாம் சேர்த்து, நாங்கள் மூன்று பேரும் ஒரு கிழமை கன்ரீனில் செலவழிக்கிற காசு.

நுரைத்த எண்ணெயை வடித்து, தாங்கியின் அடியிலிருந்த வலையைக் கழுவி, புதுசை ஊத்தினோம். முன் சில்லுகள் நிலத்தில் படாமல் ஜாக் அடித்து, முட்டுக் கொடுத்து, இஞ்சினை எழுப்பாமலே ஸ்டியரிங்கை அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு இருபது தரம் சுத்தினோம். குமிழி குமிழியாய்க் காத்து வெளியே வந்தது. எண்ணெய் குறையக் குறைய ஊத்தினோம். கடைசியாகத்தான் ஸ்டார்ட். "கரைக்கு வெட்டி அப்பிடியே பிடிச்சு வைச்சிருக்காதேங்கோ, பம்புக்குக் கூடாது" என்று ஐயா எச்சரித்தார்.

அடுத்த நாள் மாமா எங்களைக் கம்பஸ் வாசலில் கொண்டுவந்து இறக்கினார். சந்தியில் இடது கையால் மட்டும் வளைத்துத் திருப்பினார். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னடா, சத்தமில்லாமல் நித்திரை வரப் பார்க்குது" என்றார்.