குன்றின் மேல் ஒரு பெயர்ப்பட்டியல்

வாஷிங்டன் மாநகரின் மேற்கே, பொடோமாக் நதியை நோக்கியவாறு ஒரு குன்று உள்ளது. அதன் மீது அமைந்ததே ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். பின்னாளில் பால்டிமோர் ஆயரான ஜான் கரோல் 1789-இல் தோற்றுவித்த இக்கல்விக்கூடம், அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிகப் பழைய கத்தோலிக்கக் கல்லூரியாகும். சேசு சபைக் குருக்களின் புகழ்பெற்ற கலைக்கூடம்.

கூரிய கோபுரத்துடன் விளங்கும் ஹீலி மண்டபத்தைக் காணும் ஆவலுடன் நான் சென்றேன். அம்மண்டபத்தைக் கட்டுவித்தவர் 1874 முதல் 1882 வரை தலைவராயிருந்த பேட்ரிக் ஹீலி அடிகளார். அவருடைய தந்தை அயர்லாந்துக்காரர். தாயோ ஜார்ஜியா மாநிலத்தில் அடிமைப் பெண். தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை என்பது அந்நாட்டுச் சட்டம். அவ்வாறு பிறந்தவர் லூவேன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று இக்குன்றை ஆண்டார் என்பதை எண்ணி வியந்து நின்றேன். எனக்கு வழிகாட்ட வந்த மாணவியோ, பார்க்க வேண்டியது வேறொன்று உண்டு எனக் கூறி என்னை நூல்நிலையத்திற்கு அழைத்துச் சென்றாள். அவள் அங்கே கறுப்பின வரலாற்றைப் பாடமாகப் பயில்பவள்.

சேசு சபையின் மேரிலாந்து மாநிலத்துப் பழைய ஆவணங்கள் அந்நூல்நிலையத்திலேயே பேணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று 1838 ஜூன் மாதத்து விற்பனை ஒப்பந்தம். மேரிலாந்துக் குருக்களுக்குப் புகையிலைத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் உழைத்தவர்கள் அச்சபைக்கே சொந்தமான அடிமைகள், ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். தோட்டங்கள் நலிந்தன, கல்லூரி கடனில் மூழ்கியது. அப்போது மாநிலத் தலைவராயிருந்த தாமஸ் மலடி அடிகளார், 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானாவின் கரும்பு, பருத்தித் தோட்டக்காரர் இருவருக்கு விற்க உடன்பட்டார். முதல் தவணைப் பணத்தின் பெரும்பகுதி கல்லூரிக் கடனைத் தீர்க்கச் சென்றது.

உரோமையிலிருந்த சபை அதிபர் இவ்விற்பனைக்கு நிபந்தனைகளுடனேயே இசைந்திருந்தார்: குடும்பங்களைப் பிரிக்கலாகாது; அவர்கள் தம் விசுவாசத்தைக் கடைப்பிடிக்க வழி வேண்டும்; பணம் கடனடைக்கப் பயன்படலாகாது. மூன்றும் மீறப்பட்டன. பத்தாண்டுகளுக்குப் பின், 1848-இல், லூசியானாவில் அவர்களைக் கண்ட சேசு சபைக் குரு ஒருவர், அம்மக்களுக்கு ஒரு கோவில் கட்டப் பணம் அனுப்புமாறு மலடி அடிகளாருக்கே மன்றாடி எழுதினார்.

பட்டியலை மாணவி படித்துக் காட்டினாள். முதற் பெயர் ஐசக், வயது 65. தொடர்ந்து அவர் மக்கள், பேரப் பிள்ளைகள், கைக்குழந்தைகள். நம் வேதாகமத்து ஈசாக்கு பலிபீடத்திலிருந்து மீட்கப்பட்டவர் என்பது என் நினைவுக்கு வந்தது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

வரலாறு கற்பது என்றால் நூல்களை மனனம் செய்வது என்றே நான் எண்ணியிருந்தேன். இம்மாணவர் செய்வது அதுவன்று. ஒப்பந்தத்துப் பெயரைக் கப்பற் பயணிகள் பட்டியலோடும், அதை லூசியானாப் பங்குகளின் ஞானஸ்நான, திருமண ஏடுகளோடும், பின்னர் மக்கள்தொகைக் கணக்கோடும் ஒப்பிட்டு, ஒரு குடும்பத்தை ஆறேழு தலைமுறை தொடர்கிறார்கள். திருமண ஓலைக்கு முன் நம் பங்குக் குருக்கள் பழைய ஏட்டைப் புரட்டுவதைக் கண்டவர்களுக்கு இவ்வேலையின் நுட்பம் புரியும். விற்கப்பட்டவர்களுள் பலர் விசுவாசத்தை விடவில்லை. ஆகவே கோவில் ஏடுகளே அவர்களை அடையாளம் காட்டின. மேரிங்குவின் என்னும் சிற்றூரில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். இவ்வாவணங்களை எவரும் இணையத்தில் காணலாம்.

இப்படிப்பு ஏட்டோடு நின்றுவிடவில்லை. 2015-இல், புதுப்பிக்கப்பட்ட ஒரு விடுதி மலடி அடிகளாரின் பெயருடனேயே திறக்கப்பட்டபோது, மாணவர் தலைவரின் அலுவலக வாயிலில் அமர்ந்து போராடினர். 2017 ஏப்ரலில் அவ்விடுதிக்கு ஐசக் ஹாக்கின்ஸ் பெயரும், மற்றொரு கட்டடத்திற்கு ஆன் மேரி பிக்ராஃப்ட் பெயரும் சூட்டப்பட்டன. இவ்வம்மையார் அந்த ஜார்ஜ்டவுனிலேயே கறுப்பினச் சிறுமியர்க்குப் பள்ளி நடத்தி, பின் பால்டிமோரில் கறுப்பினக் கன்னியர் சபையில் சேர்ந்தவர். அன்று நடந்த வழிபாட்டில் வழித்தோன்றல்களின் முன்னிலையில் சேசு சபையார் மன்னிப்புக் கேட்டனர்.

அவ்வாண்டே விற்கப்பட்டோரின் வழிவந்த 63 வயதுப் பெண்மணி ஒருவர், சமையற்கலைஞராய் இருந்தவர், முதலாண்டு மாணவியாக இக்குன்றேறி வந்தார். பேரப் பிள்ளைகள் வயதுடையோரோடு விடுதியில் தங்கி, தம் முன்னோரை விற்ற கல்லூரியிலேயே பாடம் கேட்ட அவர் துணிவை என்னென்பது!

2019-இல் மாணவரே வாக்களித்து, ஒவ்வொரு பருவத்திற்கும் 27 டாலர் 20 சென்ட் தாமே செலுத்த விரும்புவதாகத் தெரிவித்தனர். தொகையில் 272 ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். நிர்வாகம் அதைக் கட்டணமாக விதிக்காமல் வேறு நிதி அமைத்தது. 2021-இல் சேசு சபையார் வழித்தோன்றல்களுடன் இணைந்து தொடங்கிய அறநிலையத்திற்கு 10 கோடி டாலர் திரட்ட உறுதி கூறினர். இது போதுமா என்பதில் வழித்தோன்றல்களிடையே ஒருமித்த கருத்தில்லை. போதாது என்போரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

மாலையில் ஐசக் ஹாக்கின்ஸ் மண்டபத்தின் வாயிலுக்கு வந்தோம். அழுக்குத் துணிப் பையைத் தோளில் சுமந்த இளைஞன் ஒருவன் எங்களுக்காகக் கதவைப் பிடித்து நின்றான். உள்ளே செல்கிறீர்களா என்று கேட்டான். மாணவி என்னைப் பார்த்தாள். சற்று நேரம் வெளியிலேயே நிற்கிறோம் என்றேன்.