கறுவா வந்தாள்

பிள்ளைகளே, முதலில் இந்தப் பெயரை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். கறுவா. நடுவில் இருப்பது வல்லின ‘று’. ‘கருவா’ இல்லை.

கறுவா என்றால் கறிக்குப் போடுகிற ஒரு பட்டை. இலங்கையில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். உங்களில் சிலருடைய வீட்டில் அதைப் ‘பட்டை’ என்று மட்டும் சொல்வார்கள். எங்கள் நாய் அந்த நிறம். அதனால் அந்தப் பெயர். மிருக வைத்தியரிடம் போகும்போது, அங்கே மேசையில் இருக்கும் பெண் ஒவ்வொரு முறையும் “கரூவா?” என்று கூப்பிடுவார். உங்கள் பெயரையும் வகுப்பில் இப்படித்தான் கூப்பிடுகிறார்களா? அப்படியென்றால் கறுவாவின் கஷ்டம் உங்களுக்கு விளங்கும். ஆனால் அவள் கோபிக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போவாள்.

கறுவா 2011ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்கு நான்கு மாதம். எனக்கு 23 வயது. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் அம்மா, அப்பா, அம்மம்மாவோடு இருந்தேன். முதல் வேலையில் சேர்ந்திருந்தேன். ஒரு சனிக்கிழமை விலங்குகள் காப்பகத்துக்குப் போய், யாரிடமும் கேட்காமல் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். (நீங்கள் இப்படிச் செய்ய வேண்டாம். முதலில் வீட்டில் கேளுங்கள்.)

அம்மம்மா கதவடியில் நின்று பார்த்தார்.

“என்ன பிள்ளை இது? நாயை வீட்டுக்குள்ள விடுறதே? நாய் எண்டா படலையடியில நிக்கோணும்.”

அம்மம்மா யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அங்கே நாய் முற்றத்தில் இருக்கும். மிஞ்சின சோற்றைச் சாப்பிடும். இரவில் படலையடியில் படுத்து வீட்டைக் காக்கும். எங்கள் வீட்டில் படலையும் இல்லை, முற்றமும் இல்லை. வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. “அப்ப குசினிக்குள்ள மட்டும் வரப்படாது” என்று அம்மம்மா சொன்னார்.

மூன்று கிழமை கழித்து நான் வேலையால் வந்து பார்க்கிறேன். அம்மம்மா குசினிக்குள் கதிரையில் இருந்து பயித்தங்காய் முறிக்கிறார். கதிரைக்குக் கீழே கறுவா நித்திரை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

பகல் முழுக்க வீட்டில் இருந்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். அதனால் கறுவா பழகிய மொழி தமிழ். நாய்களைப் பழக்குகிற வகுப்புக்கு நான் காசு கட்டி அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே சொன்ன ஆங்கிலச் சொல் ஒன்றும் அவளுக்கு ஏறவில்லை. வீட்டில் அம்மம்மா “இரு” என்றால் இருப்பாள். “படு” என்றால் படுப்பாள். எல்லாவற்றிலும் கஷ்டமானது “பொறு”. ஒரு விசுக்கோத்தை நிலத்தில் வைத்து, விரலை நீட்டி, “பொறு” என்பார். கறுவா விசுக்கோத்தைப் பார்ப்பாள், அம்மம்மாவைப் பார்ப்பாள், வாயில் இருந்து தண்ணி வடியும். “ம், சாப்பிடு” என்ற பிறகுதான் தொடுவாள்.

சாப்பாட்டில் ஒரு சண்டை வந்தது. அம்மம்மா தன் சோற்றில் ஒரு பிடியைக் குழைத்துக் கொடுக்கத் தொடங்கினார். நாய்க்கு வெங்காயம் கூடாது. அது இரத்தத்தில் இருக்கும் சிவப்பு அணுக்களைக் கெடுத்துவிடும். சொக்லேற்றும், முந்திரிகைப் பழமும், அதன் வற்றலும் கூடாது. இதைச் சொன்னபோது, “வெங்காயம் இல்லாமல் என்ன கறி?” என்று அம்மம்மா கேட்டார். அடுத்த நாள் அடுப்பில் ஒரு சின்னச் சட்டி புதிதாக இருந்தது. உப்பில்லை, தூளில்லை, வெங்காயம் இல்லை. அவித்த கோழியும் சோறும். அந்தச் சட்டி பதின்மூன்று வருடம் அந்த அடுப்பில் இருந்தது.

குளிர்காலத்தில் நடைபாதையில் உப்புப் போடுவார்கள், தெரியுமா? அந்த உப்பு நாய்களின் பாதத்தை எரிக்கும். அதனால் நான் கறுவாவுக்கு நான்கு சப்பாத்து வாங்கினேன். அவற்றைப் போட்டதும் அவள் குதிரை போலக் காலைத் தூக்கித் தூக்கி நடந்தாள். அம்மம்மா சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார். “ஊரில எனக்கே சப்பாத்து இல்லை. இஞ்ச நாய்க்குச் சப்பாத்தோ!”

பிறகு எனக்குக் கலியாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நான்கு வயது ஆகும்வரை கறுவா எங்களோடு இருந்தாள். ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். என் மகன் என்னோடு தமிழ் கதைப்பதில்லை. நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். உங்களில் எத்தனை பேர் அப்படி? கையைத் தூக்க வேண்டாம், நானும் சின்ன வயதில் அப்படித்தான். ஆனால் கறுவாவோடு அவன் தமிழில் மட்டும்தான் கதைப்பான். “இஞ்ச வா”, “ஓடாத”, “என்ர சப்பாத்தைத் தா”. அவளுக்கு வேறு மொழி தெரியாது அல்லவா?

2024 பெப்ரவரியில் கறுவா சாப்பிடாமல் விட்டாள். வயது போய்விட்டது, அதுதான் என்று நினைத்தேன். அந்தக் கிழமை என் வேலையில் ஒரு பெரிய மென்பொருளை வெளியிட வேண்டியிருந்தது. இரவு பத்து மணி வரை கணினிக்கு முன்னால் இருந்தேன். “நாயைக் காட்டு பிள்ளை” என்று அம்மம்மா இரண்டு தரம் சொன்னார். அடுத்த கிழமை பார்ப்போம் என்றேன்.

அடுத்த கிழமை அவளால் எழும்ப முடியவில்லை. மண்ணீரலில் ஒரு கட்டி இருக்கிறது, அது உடைந்து உள்ளே இரத்தம் வடிகிறது என்று வைத்தியர் சொன்னார். வயதான பெரிய நாய்களுக்கு இது வருமாம். நோகாமல் போக ஒரு ஊசி போடலாம் என்றார். ஒரு கிழமைக்கு முன்னால் கொண்டுவந்திருந்தால்? அப்போதும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். நல்ல மனிதர். உண்மையைத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்தக் கிழமையை நான் இப்போதும் நினைக்கிறேன். மென்பொருள் இரண்டு நாள் பிந்தியிருக்கலாம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

அன்றைக்கு இன்னொரு பிழையும் விட்டேன். மகளிடம், “கறுவா நித்திரையாகிவிட்டாள்” என்று சொன்னேன். ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள், அதைத் தமிழில் சொன்னேன். அன்றிரவு அவள் படுக்கவில்லை. கண்ணை மூடினால் தானும் திரும்பி வரமாட்டேன் என்று பயந்துவிட்டாள். இரவு ஒரு மணிக்கு அவளை மடியில் வைத்துக்கொண்டு, “இல்லையம்மா, கறுவா செத்துப்போனாள். அது நித்திரை இல்லை. நீ நித்திரை கொண்டால் காலையில் எழும்புவாய்” என்று சொன்னேன். கொஞ்சம் அழுதாள். பிறகு படுத்தாள்.

மகன் அழவில்லை. ஆனால் வீட்டில் அவனுடைய தமிழ்ச் சத்தம் நின்றுபோனது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவன் வகுப்புக்கு நான்தான் கொப்பி திருத்துகிறேன். ‘என் செல்லப் பிராணி’ என்று ஐந்து வரி எழுதச் சொல்லியிருந்தோம். அவன் எழுதியது இது: “என் நாய் கறுவா. அவள் மண்நிறம். அவள் அணிலைத் துரத்துவாள். ஒருநாளும் பிடிக்கவில்லை. அவள் செத்துப்போனாள்.”

என் கையில் சிவப்புப் பேனா. நீங்கள் படித்திருப்பீர்கள்: மனிதர் உயர்திணை, மிருகம் அஃறிணை. நாய் ‘வந்தது’ என்று எழுத வேண்டும், ‘வந்தாள்’ என்று எழுதினால் பிழை. நான் ‘அவள்’ என்பதை ‘அது’ என்று மாற்ற வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியரிடம் கொப்பியைக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, “பிழையில்லை” என்றார். நன்னூல் என்று ஒரு இலக்கண நூல் இருக்கிறது. பவணந்தி முனிவர் எழுதியது. மகிழ்ச்சியினாலோ அன்பினாலோ திணை மாற்றிச் சொன்னால் அது பிழை ஆகாது என்று அதில் ஒரு விதி உண்டாம். தன் பசுவைப் பார்த்து ஒருவர் அம்மா வந்தாள் என்று சொல்லலாம். அதற்கு வழுவமைதி என்று பெயர். நான் எட்டாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளியை விட்டவள். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஐந்து வரிக்கும் சரி போட்டேன்.

ஆசிரியர் இன்னொரு கதையும் சொன்னார். தமிழ்நாட்டில் திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே ஏறக்குறைய 1,400 வருடங்களுக்கு முன் நட்ட ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மன் என்ற அரசன் காலத்தது. இறந்துபோன ஒரு வீரனை நினைத்து வைத்த கல். அந்த வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்லில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். இதை வீட்டில் சொன்னபோது மகன் நிமிர்ந்து பார்த்தான். “கறுவா கள்ளனைக் கடிக்க மாட்டாள்” என்றான். தமிழில் சொன்னான். உண்மைதான். கள்ளன் வந்திருந்தால் அவள் வாலாட்டி, குசினிக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

கனடாவில் பெப்ரவரியில் நிலத்தைத் தோண்ட முடியாது. கல் போல இறுகியிருக்கும். சாம்பல் வைத்த சின்னப் பெட்டி மே மாதம் வரை அலுமாரியில் இருந்தது. பனி கரைந்த பிறகு, பின்வளவில் மேப்பிள் மரத்தடியில் புதைத்தோம். மகன் ஒரு தட்டையான கல்லைக் கழுவி, வெள்ளை மையால் பெயர் எழுதினான். முதலில் ‘ரு’ என்று எழுதிவிட்டான். அம்மம்மா ஊன்றுகோலோடு பக்கத்தில் நின்று, “வல்லின று, வல்லின று” என்றார். துடைத்துவிட்டுத் திரும்ப எழுதினான்.

இப்போது அந்தக் கல்லில் ஒரு கறுப்பு அணில் வந்து இருக்கிறது. அங்கே இருந்துதான் கொட்டை உடைத்துத் தின்னும். ஒரு பயமும் இல்லை. குசினி யன்னலால் அம்மம்மா அதைப் பார்ப்பார். விரலை நீட்டுவார்.

“பொறு, பொறு. அவள் வந்தாள் எண்டாத் தெரியும்.”