எலுமிச்சை டார்ட்டும் கத்திரி வெயிலும்

விழுப்புரமும் திண்டிவனமும் புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பரில் விலகிய பின்னும் அந்நகரில் தங்கிவிட்ட அடுமனைப் பழக்கங்கள் சில இவ்விரு ஊர்களின் பேக்கரிகளுக்கும் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. வெண்ணெய் கலந்த மாவில் சுட்ட சிறு கூட்டுக்குள் எலுமிச்சைக் கூழை நிரப்பித் தரும் டார்ட் அவற்றுள் ஒன்று. பிறந்தநாளிலும் புதுமனை புகுவிழாவிலும் சமோசாவுக்குப் பக்கத்தில் குட்டி டார்ட் வைப்பது வழக்கமாகத் தொடங்கியபோதே, அது எளிதில் ஆகும் பண்டம் என்ற எண்ணமும் உடன் பரவிவிட்டது. சிறியதுதானே, விலையைக் குறைத்துக்கொள்ளலாமே என்று கேட்போர், ஒரு பெரிய டார்ட்டுக்கு ஓர் அச்சில் ஒரு முறை மாவைப் பதித்தால் போதும் என்பதையும், அதே மாவைக் குட்டிகளாக்கினால் இருபத்து நான்கு அச்சுகளில் இருபத்து நான்கு முறை விளிம்பு சீர்செய்ய வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அளவுகள் மறைபொருள் அல்ல. ஐந்து செண்டிமீட்டர் அகலமுள்ள இருபத்து நான்கு கூடுகளுக்கு 250 கிராம் மைதா, 125 கிராம் உப்பில்லா வெண்ணெய், 70 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு சிட்டிகை உப்பு, மாவு சேரும் அளவுக்குக் குளிர்நீர் ஆகியவை போதும். நிரப்புக்கு இரண்டு முழு முட்டையும் இரண்டு மஞ்சள் கருவும், 150 கிராம் சர்க்கரையும், 100 மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாறும், 80 கிராம் வெண்ணெயும் வேண்டும். மற்றது கையின் வேலை.

அந்தக் கைக்கு இப்பகுதியில் முதற்பகை வெயில்தான். வெண்ணெய் 18 முதல் 20 பாகை செல்சியஸில் வளைந்து கொடுக்கும். 35 பாகைக்குள் முழுவதும் உருகிவிடும். மே மாதத்துக் கத்திரி வெயிலில் விழுப்புரத்தின் பகல் வெப்பமோ 38 பாகையைத் தாண்டுவது வழக்கம். இதை ஒரு சிறு தொல்லையாக எண்ணுவது தவறு, ஏனெனில் கூட்டின் தன்மை முழுவதும் வெண்ணெய் திண்மமாக இருப்பதைச் சார்ந்தது. மைதாவில் நீர் சேர்ந்து பிசையப்படும்போது உருவாகும் இழுவைத்தன்மைக்குக் குளூட்டன் என்று பெயர். பரோட்டா மாஸ்டர் அடித்தும் வீசியும் வளர்த்தெடுப்பது இதைத்தான், டார்ட் மாஸ்டர் தலையெடுக்க விடாமல் தடுப்பதும் இதைத்தான். குளிர்ந்த வெண்ணெய்த் துணுக்குகள் மாவுத் துகள்களைச் சுற்றி உறையாகப் படியும்போது நீர் உள்ளே புகுவது குறைகிறது, குளூட்டன் அடங்குகிறது, கூடு வாயில் பொடிந்து உதிர்கிறது. வெண்ணெய் உருகி எண்ணெயாகிவிட்டாலோ மாவு பிசுபிசுத்து, சுடும்போது அச்சுக்குள் சரிந்து சுருங்கி, ஆறியதும் பிஸ்கட்டைப்போலக் கடினமாகிவிடுகிறது. ஆகவே வெண்ணெயை உறையவைத்துத் துருவுவதும், மாவையும் பாத்திரத்தையும் முன்னிரவே குளிர்பெட்டியில் வைப்பதும், வெயில் ஏறுமுன் விடியற்காலையில் கலந்து முடிப்பதும் இத்தொழிலின் ஒழுங்குகள் ஆயின. உள்ளங்கை சூடானது என்பதால் விரல் நுனியால் மட்டுமே மாவைத் தொட வேண்டும் என்பது புதுச்சேரியில் வேலை பழகிய மூத்த மாஸ்டர்கள் விடாப்பிடியாக வற்புறுத்திய விதி. பழகுபவர் உள்ளங்கையை வைத்து அழுத்தியதைக் கண்டால் அந்த மாவை டார்ட்டுக்கு எடுக்காமல் சாதாரண பிஸ்கட்டுக்குத் தள்ளிவிடும் கண்டிப்பு அவர்களிடம் இருந்தது. கலந்த மாவு அரைமணி நேரமாவது குளிர வேண்டும். தேய்த்து அச்சில் பதித்தபின் மறுபடியும் குளிர வேண்டும். இரண்டாவது குளிர்ச்சியைத் தவிர்த்தவரின் கூடு ஓவனுக்குள் விளிம்பு சரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இடையில் மின்சாரம் போனால் அன்றைய வேலை போயிற்று என்று கொள்ள வேண்டியதுதான்.

கூட்டை நிரப்பில்லாமல் தனியே சுடுவதே சரி. அடிப்பகுதி உப்பாமலிருக்க, தாள் விரித்து அதன்மேல் கொண்டைக்கடலையைப் பாரமாக இட்டு 175 பாகையில் பத்து நிமிடமும், பாரத்தை எடுத்துவிட்டுப் பொன்னிறமாகும்வரை சில நிமிடமும் சுடுவர். அந்தக் கடலை பின்னர் சுண்டலுக்கு உதவாது, மறுநாள் டார்ட்டுக்கே உதவும்.

அடுத்தது பழம். மேல்நாட்டுச் செய்முறைகள் குறிப்பிடும் பழம் தடித்த தோலும் முட்டை வடிவமும் கொண்ட சிட்ரஸ் லிமோன் வகை. புளியங்குடியிலிருந்தும் ஆந்திரத்தின் கூடூரிலிருந்தும் சந்தைகளுக்கு வரும் உருண்டைப் பழம் சிட்ரஸ் ஔரான்டிஃபோலியா எனும் வேறு இனம், புளிப்பு மிகுந்தது, தோல் மெலிந்தது. இவ்வேறுபாட்டை அறியாமல் அந்தச் செய்முறையை அப்படியே பின்பற்றுவோர் இரண்டு இடங்களில் வழுக்குகின்றனர்: சர்க்கரை போதாமல் புளிப்பு தூக்கலாகிறது, தோலைத் துருவும்போது மணமெண்ணெய் நிறைந்த மேற்பூச்சைக் கடந்து அடியிலுள்ள வெண்பகுதிவரை துருவி இறங்கிவிடுவதால் கசப்பு ஏறுகிறது. நம் பழத்தில் அந்த மேற்பூச்சு அத்தனை மெல்லியது. துருவியில் ஒரே இடத்தை இரண்டாம் முறை உரசக்கூடாது. பிழியும்போது விதை நசுங்கினாலும் கசப்பே.

லெமன் கர்ட் எனப்படும் கூழைக் காய்ச்சுவதில் கவனமும் பொறுமையும் தவிர வேறு நுட்பம் இல்லை. கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து விடாமல் கிளறினால் 80 பாகையை நெருங்கும்போது கூழ் கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும். அதற்குமேல் போனால் முட்டைப் பொரியல்தான். அலுமினியப் பாத்திரம் புளிப்போடு வினைபுரிந்து உலோகச் சுவை தரும் என்பதால் எவர்சில்வரே ஏற்றது. அடுப்பிலிருந்து இறக்கியபின் வெண்ணெயைச் சேர்த்து, ஆடை படியாமல் மூடிக் குளிரவிட வேண்டும். முட்டை கூடாது என்பவர்களுக்குச் சோளமாவில் கூழ் காய்ச்சலாம், அது குற்றமில்லை; ஆனால் புளிப்பு மாவுச்சத்தின் கெட்டித்தன்மையைக் குலைக்கும் என்பதால் கூழ் நன்கு வெந்து இறங்கிய பிறகே சாற்றை ஊற்ற வேண்டும் என்ற சிறு அறிவுகூட இப்போது பல சமையற்கட்டுகளில் காணப்படுவதில்லை.

காணாமற்போனது அது மட்டுமன்று. 2022 ஏப்ரலில் எலுமிச்சை விலை நாட்டின் பல பகுதிகளில் கிலோ 200 ரூபாயைத் தாண்டி ஏறியதை ஒரு சாக்காகக் கொண்டு சாற்றைக் கைவிட்டு எசன்ஸுக்கும் எலுமிச்சை உப்புக்கும் மாறியவர்கள், விலை இறங்கிய பின்னும் பழத்துக்குத் திரும்பவில்லை. எலுமிச்சை உப்பு எனக் கடையில் விற்கப்படும் சிட்ரிக் அமிலம் ஆஸ்பெர்ஜிலஸ் நைஜர் எனும் பூஞ்சையைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்துப் பெறப்படுவது. புளிப்பு உண்டு, எலுமிச்சை இல்லை. திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒரு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தின்போது வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவது வழக்கம். 2024இல் ஒன்பது பழங்கள் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் ஏலம் போயின. அதே மாவட்டத்தில் இருபத்து நான்கு டார்ட்டுக்கு ஆறேழு பழம் பிழிவது கட்டுப்படியாகாது என்று சொல்வது விந்தையானது.

வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி இடும் பழக்கம் இன்னும் பழையது. அதன் உருகுநிலை உயர்வு, ஆகவே வெயிலில் வேலை சுலபம். ஆனால் அதே காரணத்தால் அது வாயிலும் முழுதாக உருகாமல் நாக்கின்மேல் மெழுகுப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2022 முதல் சட்டம் வரையறுத்திருப்பதால் உடல்நலம் பற்றிய அச்சம் குறைந்திருக்கலாம். சுவைக்குச் சட்டம் ஏதும் செய்வதற்கில்லை. ஆயத்தக் கூடுகளைப் பெட்டியாக வாங்கி, பொடியை நீரில் கரைத்து நிரப்பி, மேலே ஒரு செர்ரியை வைத்துத் தருபவரும் டார்ட் மாஸ்டர் என்றே அழைக்கப்படுகிறார். விடியுமுன் எழுந்து வெண்ணெய் துருவியவருக்கும் அவருக்கும் ஒரே கூலி பேசப்படுகிறது.

எளிமை இப்பண்டத்தில் உண்டு. அது பொருளை மாற்றுவதில் இல்லை, வேலையைப் பிரிப்பதில் இருக்கிறது. சுட்ட கூடுகள் காற்றுப்புகாத டப்பாவில் மூன்று நாள் மொறுமொறுப்பாக நிற்கும். கூழ் குளிர்பெட்டியில் அதே அளவு நாள் தாங்கும். இரண்டும் சேர்ந்துவிட்டால் நிலைமை வேறு. மரக்காணம் பக்கமிருந்து கடற்காற்று ஈரத்தோடு வீசும் மாலைகளில் நிரப்பிய கூடு சில மணி நேரத்தில் நமுத்துவிடும். உட்புறத்தில் முட்டையின் வெள்ளைக் கருவை மெல்லத் தடவி இரண்டு நிமிடம் மீண்டும் சுட்டெடுத்தால் சிறிது நேரம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவே. எனவே வீட்டில் விருந்து வைப்போர் நிரப்பிய டார்ட்டை முதல்நாளே வாங்கி வைக்க வேண்டாம். கூட்டையும் கூழையும் தனித்தனியே கேட்டு வாங்கி, விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்து நிரப்பிக்கொள்ளுங்கள். வாங்கும்போதே வெண்ணெயா வனஸ்பதியா, பழமா எசன்ஸா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.