பேப்பரில் வராத கோல்

 பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கீழ்பென்னாத்தூரில் திருவண்ணாமலை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். "சார், என்னைத் தெரியுதா?" என்று ஒரு பெண் வந்தாள். இருபது வருடத்துக்கு முன் என்னிடம் படித்தவள். கூடவே ஆறாவது படிக்கும் மகள்.

"நான் ஃபுட்பால் ஆடினேன்னு இவகிட்ட நீங்களே சொல்லுங்க சார். நம்ப மாட்டேங்கறா."

"போன்ல தேடிப் பார்த்தேன் தாத்தா, எதுவுமே வரல" என்றது குழந்தை.

விஷயம் இதுதான். மகளைப் பள்ளி ஃபுட்பால் டீமில் சேர்க்கக் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. "நம்ம ஊர்ல ஃபுட்பால் ஆடி யாரு பேரு வாங்கினாங்க? ஒரு பேரு சொல்லு" என்றாராம். இவளுக்கு ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது. "உங்கம்மா நல்லா ஆடினா கண்ணு" என்று மட்டும் சொல்லி ஏறிவிட்டேன். வழியெல்லாம் மனசு கேட்கவில்லை.

அந்த மாப்பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். பெயர்கள் இருக்கின்றன, அவர் காதுக்கு யாரும் கொண்டுபோகவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவுக்காக கோல் அடித்தவர் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுதான். கடலூரின் இந்துமதி கதிரேசன் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராகப் பணியாற்றிக்கொண்டே இந்தியப் பெண்கள் அணிக்காக ஆடியவர். 2018-இல் தேசிய சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டத்தில், பல முறை கோப்பை வென்ற மணிப்பூரை நம் தமிழ்நாட்டுப் பெண்கள் 2-1 என்று வென்றார்கள். அடுத்த வருடம் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றது. இதில் எத்தனை நமக்குத் தெரியும்?

2023 ஜூன் 28 அன்று, அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என வென்று நம் பெண்கள் மீண்டும் தேசிய சாம்பியன் ஆனார்கள். அதற்கு முந்தைய நாள்தான் கிரிக்கெட் உலகக் கோப்பை அட்டவணை வெளியானது. சேப்பாக்கத்துக்கு ஐந்து ஆட்டம் என்று நான் வாங்கும் பேப்பரில் பெரிய செய்தி. அக்டோபரில் நடக்கப்போகும் ஆட்டத்துக்கு அரைப் பக்கம். நம் பெண்கள் ஜெயித்து முடித்த கோப்பைக்குக் கீழ் மூலையில் நாலு வரி.

ஜனங்களுக்கு ஃபுட்பாலில் ஆர்வமில்லை என்பார்கள். 2018 ஜூனில் மும்பையில் இந்தியா ஆடிய ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். கேப்டன் சுனில் சேத்ரி, எங்களைத் திட்டவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று ஒரு வீடியோ போட்டார். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. சொன்னால் வருகிறார்கள். சொல்லத்தான் ஆளில்லை.

இவ்வளவு நேரம் பேப்பரைக் குறை சொன்னேன். இனி என் குறை.

குறுவட்டப் போட்டியில் நம் பெண்கள் ஜெயித்த அன்று, முடிவை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி உள்ளூர் நிருபரிடம் நானே கொடுத்தேன். மூன்று நாள் பேப்பரைப் புரட்டினேன். வரவில்லை. அந்தப் பிள்ளையின் அப்பா, மல்லாட்டை மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டே, "பேப்பர்ல வரும்னீங்களே சார்?" என்று கேட்டார். அடுத்த வருடம் அவளை ஆட அனுப்பவில்லை.

அந்தச் சமயம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிப்புக்குப் பொறுப்பு யார் தெரியுமா? நான்தான். தோனி எத்தனை சிக்ஸர் அடித்தார் என்பது வரை வாசிக்க வைத்தேன். நம் பிள்ளைகள் ஜெயித்ததை வாசிக்க வைக்கவில்லை. பேப்பரில் வரட்டும், அதைப் பார்த்து வாசிக்கலாம் என்று காத்திருந்தேன். மைக் என் கையில் இருந்தது. எழுநூறு பிள்ளைகள் எதிரே நின்றார்கள். பேப்பர் செய்த அதே தவறை நானும் செய்தேன்.

இருபது வருடம் தாமதமாக இன்று வாசிக்கிறேன்:

விளையாட்டுச் செய்திகள். குறுவட்ட மகளிர் கால்பந்துப் போட்டியில் நம் பள்ளி அணி 1-0 என்ற கோல் கணக்கில் வெற்றி பெற்றது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், வெறுங்காலோடு ஆடிய ஒன்பதாம் வகுப்பு மாணவி அந்த கோலை அடித்தார். செய்திகள் நிறைவடைந்தன.

அம்மா, இதைப் படித்தால் உன் மகளிடமும் வீட்டுக்காரரிடமும் காட்டு. உன் பெயரை உன் சம்மதம் இல்லாமல் போடவில்லை. அன்று ஆடிய மற்ற பிள்ளைகளும் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். யாரிடமாவது அந்த டீம் போட்டோ இருந்தால் போடுங்கள். அந்தக் குழந்தை மறுபடி போனில் தேடும்போது ஏதாவது கிடைக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழ் வாத்தியார்,
கீழ்பென்னாத்தூர்