வால் வீசும் காரை வழிக்குக் கொண்டுவந்த மூன்று ஓட்டைகள்! - செட்டிபாளையம் டிராக்கில் ஒரு நாள்

கோவையில் போத்தனூரைத் தாண்டி செட்டிபாளையம் பக்கம் போனால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே திடீரென்று இன்ஜின் சத்தம் கேட்கும். அதுதான் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-ல் திறக்கப்பட்ட, சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள ரேஸ் டிராக். கோவைக்காரரான எஸ்.கரிவர்தனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ரேஸ் காரை உருவாக்கியவர் அவர். 1995-ல் சிறிய விமானம் ஒன்றின் விபத்தில் இறந்துபோனார்.

நான் போனது ரேஸ் பார்க்க அல்ல. ஓர் அப்பாவும் மகனும் தாங்களே கட்டிய ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை 'செட்' செய்வதைப் பார்க்க. அப்பாவுக்கு அறுபதை ஒட்டிய வயது, லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகனுக்கு என் வயதுதான் இருக்கும். போன வருடம் இதே டிராக்கில் இதே கார் சுழன்று, பின்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம் முறிந்துபோனது. மகனுக்கு அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மா டிராக் பக்கமே வருவதில்லை. "இன்னிக்கு வண்டி சரியா நிக்கலைன்னா அடுத்த மாச ரேஸுக்குப் பணம் கட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன் கண்ணு" என்றார் அப்பா. மகன் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே காதில் விழாதமாதிரி இருந்தான்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே இன்ஜின் பவர்தான் என்று நினைத்திருந்தேன். அன்று முழுக்க பானெட்டை ஒருவரும் திறக்கவே இல்லை.

ஐந்து ரவுண்டு ஓட்டிவிட்டு வந்த மகன், "பின்னாடி வால் வீசுதுப்பா" என்றான். வளைவில் பின் டயர்கள் முதலில் பிடியை விட்டுவிட்டால் கார் சுழலப் பார்க்கும். இது ஓவர்ஸ்டியர். முன் டயர்கள் முதலில் விட்டுவிட்டால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே தள்ளிக்கொண்டு போகும். இது அண்டர்ஸ்டியர். ரெண்டுக்கும் நடுவில் நிறுத்துவதுதான் வேலை.

அப்பா முதலில் டயரிடம் போனார். சூடு ஆறுவதற்குள், ஊசி மாதிரியான வெப்பமானியை டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் குத்திப் பார்த்தார். பின் டயர்களில் நடுப்பகுதிதான் அதிகச் சூடு. காற்று அதிகம் என்று அர்த்தம். கேஜ் 31 காட்டியது. 28-க்கு இறக்கினார். அவ்வளவுதான், அடுத்த ஐந்து ரவுண்டுக்கு வேறு எதையும் தொடவில்லை. "ரெண்டு விஷயத்தை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு எப்படிங்க தெரியும்?" என்று என்னையே கேட்டார்.

கொஞ்சம் தேவலை, ஆனால் வால் இன்னும் ஆடுகிறது என்றான் மகன். அப்பா காருக்கு அடியில் படுத்தார். பின்பக்க ஆன்டி-ரோல் பாரின் முனையில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. பஸ் வளைவில் திரும்பும்போது நாம் எல்லோரும் வெளிப்பக்கம் சாய்வோம் இல்லையா? காரின் எடையும் அப்படித்தான் வெளிச் சக்கரங்களுக்குப் போகும். அதில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதில் இந்தக் கம்பிக்குப் பெரிய பங்கு. எந்தப் பக்கக் கம்பி விறைப்பாக இருக்கிறதோ, அந்தப் பக்க வெளி டயர் அதிகம் சுமக்கும், சீக்கிரம் பிடியை விடும்.

விறைப்பான முதல் ஓட்டையிலிருந்த போல்ட்டைக் கழற்றி, கடைசி ஓட்டைக்கு, அதாவது மிகவும் மென்மையான நிலைக்கு மாற்றினார். வால் அடங்கிவிட்டது. திரும்பி வந்த மகனின் முகத்தில் மட்டும் கோபம். "இப்ப மூக்கு திரும்பவே மாட்டேங்குது. எருமை மாதிரி நேரா போகுது."

"நேரா போனா புல்லுல போய் நிப்ப. சுத்தினா எங்க போவேன்னு தெரியாது. இப்படியே இருக்கட்டும்."

"அப்புறம் எதுக்குப்பா ரேஸுக்குப் போறது?"

யார் பக்கம் நிற்பதென்று எனக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக யாரும் என்னைக் கேட்கவுமில்லை. ஒரு மயில் வேலியோரம் நடந்துபோனது. அப்பா தண்ணீர் குடித்தார். முறிந்த ஆர்மைத் தன் கையாலேயே வெல்டு வைத்தவர் அவர். பிறகு ஒன்றும் பேசாமல் மறுபடியும் அடியில் படுத்து, போல்ட்டை நடு ஓட்டைக்கு மாற்றினார்.

அந்த ஐந்து ரவுண்டும் அவர் உட்காரவே இல்லை. கார் வேகமாக வந்து, வளைவில் பின்பக்கம் லேசாக அசைந்து, அங்கேயே பிடித்துக்கொண்டு வெளியேறியது. ஒவ்வொரு ரவுண்டும் அதே இடத்தில், அதே அசைவு. ஸ்டாப்வாட்ச்சில் காலையைவிட முக்கால் செகண்ட் குறைந்திருந்தது. மகன் இறங்கியதும், "ஒரு கையால ஓட்டலாம்பா" என்றான்.

"ரெண்டு கையாலயே ஓட்டு" என்றபடி டயர் சூட்டைப் பார்க்கக் குனிந்தார் அப்பா.

காரை டிரெய்லரில் ஏற்றும்போது போன் அடித்தது. வீட்டிலிருந்து. "முடிஞ்சுதும்மா. ரெண்டு பேரும் கிளம்பிட்டோம்" என்றான் மகன்.

கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த அப்பா என்னைக் காட்டி, "மூணு பேருன்னு சொல்லு. சாப்பாடு வேணுமில்ல" என்றார்.